உண்ணிக்கு ஊற்றிய மருந்து

ஏ9 வீதி மாங்குளம் சந்தியைத் தொடும் இடத்தில் கிழக்கே முல்லைத்தீவுக்கும் மேற்கே துணுக்காய், மல்லாவிக்கும் பாதைகள் பிரிகின்றன. வன்னியின் மற்றச் சந்திகளைப் போலவே இங்கும் உரமும் வயல் மருந்தும் விற்கும் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. மிருக வைத்தியரைத்தான் தேட வேண்டும். அவர் இருப்பார், ஆனால் ஒரு பெரிய பிரிவின் மாடுகளும் ஆடுகளும் கோழிகளும் அவர் தலையில். அதனால் நாய்க்கு வருத்தம் என்றால் கால்கள் தாமாகவே கடைக்குத்தான் திரும்புகின்றன.

"அண்ணை, நாய்க்கு உண்ணி ஏறிப்போச்சு, ஏதும் மருந்து தாங்கோ."

கேட்பவர் நாயின் நிறையைச் சொல்வதில்லை. குட்டியா, சினையா, வீட்டில் பூனையும் உண்டா என்று யாரும் விசாரிப்பதும் இல்லை. மாட்டுக்கு அடிக்கிற மருந்தில் ஒரு மூடி, ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழந்துணி. பல தடவை அது பலிக்கிறது, உண்ணி உதிர்கிறது. பலிக்கிற படியால்தான் பழக்கம் நிலைத்திருக்கிறது. பலிக்காத அந்த ஒரு தடவையில் நாய் வாயால் நுரை தள்ளி, கால்கள் இழுத்து, விடியுமுன் செத்துவிட்டால், "பாம்பு கடிச்சிருக்கும்" என்று வளவின் மூலையில் புதைத்துவிடுகிறோம். நஞ்சு வைத்தது நாங்கள்தான் என்பது எங்களுக்கே தெரியாமல் போய்விடுகிறது. காட்டோரக் குடியிருப்புகளில் யானை வருவதையும் பன்றி வருவதையும் முதலில் அறிந்து குரைக்கும் பிராணி அது. அதற்கு இது நேரக்கூடாது.

ஏன் நேர்கிறது என்பதை விளங்கிக்கொள்ள முதலில் உண்ணியையே பார்க்க வேண்டும்.

உண்ணி பூச்சி இனமல்ல. சிலந்தி, தேள் வகையறா. வளர்ந்ததற்கு எட்டுக் கால்கள், முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு மட்டும் ஆறு. அதன் முன்னங்கால் நுனியில் சிறு குழி போன்ற ஒரு புலனுறுப்பு இருக்கிறது. நாய் மூச்சுவிடும்போது வெளிவரும் கரியமில வாயுவையும் உடலின் சூட்டையும் வாடையையும் அதனால்தான் அது மோப்பம் பிடிக்கிறது. கடிக்கும்போது வலி தெரியாமலும் இரத்தம் உறையாமலும் இருக்கச் செய்யும் பொருள்கள் அதன் உமிழ்நீரிலேயே உண்டு. இரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணியின் நிறை, குடிக்க முன்பிருந்ததைப் போல நூறு மடங்குக்கும் போகும்.

மாட்டு உண்ணியும் நாய் உண்ணியும் வாழும் விதத்தில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. கடை மருந்துக் கதையின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. மாட்டு உண்ணி குஞ்சாக ஒரு மாட்டில் ஏறினால், அந்த மாட்டிலேயே இரண்டு தடவை தோல் கழற்றி, வளர்ந்து, இரத்தம் குடித்து முடித்து, மூன்று வாரமளவில் முட்டையிடத்தான் கீழே விழும். ஆகவே மாட்டின் மேல் மருந்து அடித்தால் உண்ணியின் எல்லாப் பருவங்களும் அங்கேயே அகப்படும். நாயில் ஏறும் பழுப்பு உண்ணி அப்படியல்ல. குஞ்சு சில நாட்கள் குடித்துவிட்டு இறங்கிவிடும், எங்காவது ஒளிந்து தோல் கழற்றும், மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். மூன்று தடவை ஏறி இறங்குகிற வாழ்க்கை. இறங்கிய உண்ணி நிலத்தில் நிற்பதுமில்லை, மேலே ஏறும். சுவர் வெடிப்பு, கிடுகின் மடிப்பு, கதவு நிலையின் இடுக்கு, நாய் படுக்கும் சாக்கு எல்லாம் அதன் இடம். அங்கேயே 4,000 முட்டை வரை இடும். இரத்தம் கிடைக்காவிட்டாலும் வளர்ந்த உண்ணி பல மாதங்கள் பட்டினி கிடந்து உயிர் வாழும்.

நாய் உண்ணியின் வாழ்நாளில் மிகப் பெரும்பகுதி நாய்க்கு வெளியே கழிகிறது. தெள்ளும் ஏறத்தாழ இப்படித்தான்: நாயிலோ பூனையிலோ நம் கண்ணில் படும் தெள்ளு மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கு, மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் மண்ணிலும் பாயிலும் கிடக்கிறது. நாயைக் குளிப்பாட்டி உதிர்ந்ததும் போய்விட்டது என்று நினைப்போம். பத்து நாளில் சுவரில் இருந்தவை ஏறும். "மருந்து காணாது போல" என்று அடுத்த தடவை இரண்டு மூடி. அதற்கடுத்த தடவை வேறு கடையில் வேறு மருந்து. சுவரில் குறையாத உண்ணிக்காகக் கூட்டிக்கொண்டே போன மருந்து, கடைசியில் நாயின் உடம்பில்தான் சேர்கிறது.

சரி, அந்த மருந்துகள் என்ன செய்கின்றன?

பழைய மருந்துகளில் பல ஒகனோபொஸ்பேற்று வகை. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகும் அசற்றைல்கோலின் என்ற பொருளை வேலை முடிந்ததும் உடைத்து அகற்ற ஒரு நொதியம் இருக்கிறது. அதை இந்த மருந்து முடக்குகிறது. செய்தி ஓயாமல் போய்க்கொண்டே இருக்க, உமிழ்நீர் வழியும், கண் மணி சுருங்கும், தசை துடிக்கும், மூச்சுப்பை நீரால் நிரம்பும். உண்ணியிலும் தெள்ளிலும் நாயிலும் மனிதரிலும் அதே நொதியம்தான். ஆளுக்கும் பூச்சிக்கும் பேதம் பார்க்காத நஞ்சு இது. இலங்கையில் பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்தும் 33ஆம் இலக்கச் சட்டம் 1980இல் வந்தது. மிகக் கொடிய வகைகளில் எஞ்சியிருந்த மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் இரண்டும் 1995இல் நிறுத்தப்பட்டன, எண்டோசல்பான் 1998இல். மருந்து குடித்து இறப்போரின் தொகையைக் குறைக்கவே இந்தத் தடைகள் வந்தன, குறைக்கவும் செய்தன: 1995க்கும் 2005க்கும் இடையில் நாட்டின் தற்கொலை வீதம் பாதியாக இறங்கியது. 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டவற்றில் பென்தியன் என்றும் ஒன்று உண்டு. அதே பென்தியனை ஒரு காலத்தில் மேலை நாடுகளில் தெள்ளுக்கு மருந்தென்று நாயின் முதுகில் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். வயலில் வைக்கவே ஆபத்து என்று நாங்கள் ஒதுக்கிய பொருள், அங்கே பிள்ளைகள் கட்டிப்பிடிக்கிற நாயின் தோலில் இருந்தது. அமெரிக்காவில் புரொபொக்சர் என்ற இன்னொரு நரம்பு நஞ்சு ஊட்டிய கழுத்துப்பட்டிகளை நிறுத்தும் உடன்பாடு 2014இல்தான் வந்தது. காரணம் நாயல்ல, அந்தப் பட்டியைத் தொட்டு விரல் சப்பும் குழந்தைகள்.

பிறகு வந்தது பைரத்ரொயிட் குடும்பம். சாமந்தி இனப் பூவொன்றின் சாற்றில் பூச்சியை வீழ்த்தும் சக்தி இருப்பதை மனிதர் முன்பே அறிந்திருந்தார்கள். வெயிலில் கெட்டுப்போவதுதான் அதன் குறை. இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டும் அவரது கூட்டத்தாரும் 1973இல் வெயிலுக்கு நிற்கும் ஒரு வடிவத்தை உருவாக்கினார்கள். அதுதான் பெர்மெத்ரின். நரம்பில் சோடியம் அயன்கள் புகும் வாயில்கள் திறந்து உடனே மூடிக்கொள்ள வேண்டியவை. பெர்மெத்ரின் அவற்றை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பூச்சியின் வாயில்கள் இதற்கு எளிதில் மடங்குகின்றன. பாலூட்டிகளின் வாயில்கள் அவ்வளவு எளிதில் மடங்குவதில்லை, அத்தோடு எங்கள் ஈரல் அந்தப் பொருளை விரைவாக உடைத்து வெளியேற்றியும் விடுகிறது. நாய்க்கும் அப்படியே.

பூனைக்கு அப்படியில்லை.

ஈரல் ஒரு நஞ்சை வெளியேற்ற எடுக்கும் வழிகளில் ஒன்று, அதனுடன் குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை வழிப் பொருளை ஒட்டி, நீரில் கரைய வைத்து, சிறுநீரோடு அனுப்புவது. ஒட்டும் வேலையைச் செய்கிற நொதியங்களில் முக்கியமான ஒன்றை ஆக்கும் மரபணு பூனையில் உடைந்து கிடக்கிறது. மரபணு இருக்கிறது, ஆனால் வேலை செய்வதில்லை. 2011இல் வெளியான ஓர் ஆய்வு வீட்டுப் பூனையோடு நில்லாமல் பூனைக் குடும்பத்தின் மற்ற இனங்களையும் பார்த்தது. பார்த்த எல்லா இனத்திலும் அதே உடைவு. ஒரு கழுதைப்புலி இனத்திலும் ஒரு கடல்யானை இனத்திலும்கூட அது இருந்தது. இவை எல்லாம் இறைச்சியையே உண்டு வாழ்பவை. இலை தழை உண்ணும் பிராணிகள் தாவர நஞ்சுகளை நாளாந்தம் சமாளிக்க வேண்டும். அவற்றுக்கு இந்த நொதியம் உயிர்த்தேவை. இறைச்சி மட்டும் தின்னும் பிராணியில் அது பழுதடைந்தாலும் எதுவும் குடிமுழுகிப் போகவில்லை. பல இலட்சம் ஆண்டுகள் போகவில்லை. நாங்கள் மருந்துப் போத்தலோடு வரும்வரை.

வன்னியில் இந்த ஆபத்து இரண்டு வழியால் வருகிறது. ஒன்று கடை. மற்றது பயணப் பெட்டி. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் விடுமுறைக்கு வரும்போது சொக்லேற்றோடு ஒரு சிறு பிளாஸ்ரிக் குழாயையும் கொண்டுவருவார், "அங்க எங்கட நாய்க்கு இதுதான் விடுறனாங்கள்" என்று. அன்போடு கொண்டுவந்ததுதான். நாய்க்கான இந்தச் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் 45 வீதம் அல்லது அதற்கும் மேல். அதில் ஒரு மில்லிலீற்றரில் 450 மில்லிகிராம் நஞ்சு இருக்கிறது. மூன்று கிலோப் பூனையில் விட்டால் கிலோவுக்கு 150 மில்லிகிராம். கிலோவுக்கு 100 மில்லிகிராமே பூனையின் உயிருக்கு உலை வைக்கும் என்று மிருக வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். பூனையில் விடாமல் நாயில் மட்டும் விட்டாலும், அதே நாயோடு ஒட்டிப் படுத்து அதன் முதுகை நக்கும் பூனைக்கு வருகிறது நடுக்கம். சில மணி நேரத்தில் காது துடிக்கும், பிறகு முகம், பிறகு உடம்பு முழுதும். அது வலிப்பாக முடியும்.

இங்கே ஒரு வார்த்தை பனடோலைப் பற்றியும். காய்ச்சல் என்று பூனைக்குப் பனடோல் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை எங்கள் உடம்பு அகற்றுவதும் பூனையில் உடைந்துபோன அதே வழியால்தான். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

மாட்டுக்கும் நாய்க்கும் பொதுவாகப் புழங்கும் இன்னொன்று அமிட்ராஸ். உண்ணியின் நரம்பில் ஒக்டோபமின் என்ற பொருளின் வேலையைக் குழப்பி, அதன் பிடியை நெகிழ வைக்கிறது. உண்ணி பொலபொலவென்று உதிர்வதற்குக் காரணம் இது. பாலூட்டிகளில் அது வேறோர் இடத்தைத் தொடுகிறது: இதயத் துடிப்பை மெதுவாக்கும், சோர்ந்து மயங்க வைக்கும், இரத்தத்தில் சீனியை ஏற்றும், உடற்சூட்டைக் குறைக்கும். மாட்டுக்கென வரும் செறிவான கரைசலில் 12.5 வீதம் அமிட்ராஸ் இருந்தால், ஒரு லீற்றர் தண்ணீருக்கு 2 மில்லிலீற்றர் கலக்க 0.025 வீதம் ஆகும். நாயில் சொறிக்கு மிருக வைத்தியர் பாவிக்கும் அளவும் அதை ஒட்டியதே. போத்தல் மூடி 10 மில்லிலீற்றர் பிடிக்குமானால், ஒரு லீற்றருக்கு ஒரு மூடி என்பது ஐந்து மடங்கு. "ஒரு மூடி" என்பது அளவே அல்ல. சின்ன வாளி, பெரிய வாளி, சின்ன மூடி, பெரிய மூடி என்று எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். சோடாப் போத்தலில் ஊற்றிப் பிரித்துக் கொடுத்தால் ஒட்டுத்தாளும் போய்விடுகிறது. இலங்கையில் விற்கும் வயல் மருந்தின் போத்தலில் தமிழிலும் எழுதியிருக்கும் எச்சரிக்கை, சோடாப் போத்தலில் ஏது?

ஐவர்மெக்ரின் இன்னும் நுட்பமானது. ஜப்பானிய மண்ணில் சத்தோஷி ஒமுரா கண்டெடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. மனிதக் கண்ணையும் காலையும் காத்த மருந்து என்று அவருக்கும் வில்லியம் காம்பெலுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அது புழுவிலும் உண்ணியிலும் நரம்பை மரக்கச் செய்கிறது. பாலூட்டிகளில் அது தொடக்கூடிய இடங்கள் மூளைக்குள்தான் இருக்கின்றன. மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள ஒரு புரதம் உள்ளே வரும் ஐவர்மெக்ரினை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் நாங்கள் தப்புகிறோம். கொலி இன நாய்களில் பலவற்றுக்கு அந்தப் புரதம் இல்லை. மரபணுவில் நான்கே எழுத்துகள் விடுபட்டுப் போனதால் இந்த நிலை என்று 2001இல் அமெரிக்காவின் வொஷிங்ரன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கற்றினா மீலி கண்டறிந்தார். கொலி எங்கள் ஊரில் அரிது. ஆனால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் பிடித்த அல்சேஷனிலும் ஒரு பகுதிக்கு இதே குறை உண்டு. கலப்புக் குட்டி எதைக் கொண்டு பிறந்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. மிக இளம் குட்டிகளிலும் இந்தக் காவல் இன்னும் முற்றவில்லை. மாட்டுக்கான ஒரு வீத ஊசி மருந்து 50 கிலோவுக்கு ஒரு மில்லிலீற்றர். அதே ஒரு மில்லிலீற்றரை ஐந்து கிலோக் குட்டிக்கு ஏற்றினால் மாட்டுக்குரியதில் பத்து மடங்கு.

இது வன்னியின் குறை மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒட்டுத்தாளும் பெட்டியும் அழகாக அச்சிட்டு விற்கும் அமெரிக்காவில், 2008ஆம் ஆண்டு மட்டும் முதுகில் விடும் சொட்டு மருந்துகள் பற்றி 44,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகமைக்குப் போயின. அரிப்பு முதல் சாவு வரை எல்லாம் அதில் அடங்கும். அடுத்த ஆண்டு முகமை ஆராய்ந்தது. 2010இல் அது சொன்னவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இது: பாதிக்கப்பட்டவற்றில் சிறிய நாய்கள் அதிகம், நாய் மருந்து பூனைக்குப் போன சம்பவங்களும் ஏராளம். நிறைப் பிரிவுகள் அகலமாக இருந்தால், ஒரே குழாய் ஐந்து கிலோ நாய்க்கும் பத்துக் கிலோ நாய்க்கும் போய்விடுகிறது. பெரியதற்குச் சரியானது சின்னதற்கு இரட்டிப்பு. இப்போது வாயால் கொடுக்கும் மாத்திரைகள் வந்திருக்கின்றன, ஐசொக்சசொலின் வகை. பூச்சியின் நரம்பையே கூடுதலாகக் குறி வைப்பதால் இவை பழையவற்றிலும் நல்லவை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆயினும் சில நாய்களில் வலிப்பு வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. ஏற்கெனவே வலிப்பு வந்த நாய் என்றால் வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

குளிப்பாட்டிய தண்ணீர் எங்கே போகிறது என்பதும் ஒரு கேள்வி. இங்கிலாந்தின் ஆறுகளில் எடுத்த நீர் மாதிரிகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும், தெள்ளுக்கு விடும் சொட்டு மருந்துகளில் உள்ள பிப்ரொனில் என்ற பொருள் இருந்ததைச் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் கண்டார்கள். வயல்களில் அது அங்கே நிறுத்தப்பட்டு விட்டது, ஆகவே நாய், பூனையின் முதுகிலிருந்தே வந்திருக்க வேண்டும். பெர்மெத்ரினோ மீனை மிகச் சிறு அளவிலேயே கொல்லும். வவுனிக்குளத்திலும் முத்தையன்கட்டிலும் மீன்பிடித்துச் சீவிக்கும் குடும்பங்கள் உள்ள நாட்டில், மருந்து பூசிய நாயை வாய்க்காலில் இறக்கிக் கழுவுவது சின்ன விடயமல்ல.

உண்ணியை விட்டுவிடவும் முடியாது. பபேசியா, எர்லிக்கியா போன்ற இரத்த நோய்களை அது நாய்க்குக் கொண்டுவருகிறது. வெளிறிய முரசும் சோர்வுமாகக் கிடக்கும் நாய்கள் பலவற்றின் பின்னால் அவை இருக்கின்றன. ஆகவே அடிக்க வேண்டியதுதான், ஆனால் உண்ணி இருக்கிற இடத்தில். நாய் படுக்கும் சாக்கை எரித்துவிடலாம். படுக்கையைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவிடலாம். சுவர் வெடிப்பைச் சாந்தால் பூசி அடைத்தால் முட்டையிடும் இடமே இல்லாமல் போகும். இதை ஒரு போத்தல் மருந்தும் செய்யாது. ஒட்டியிருக்கும் உண்ணியைத் தோலுக்கு மிக அருகில் சாமணத்தால் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். மண்ணெண்ணெய் பூசுவது வேண்டாம். தோல் வெந்துபோகும், நக்கினால் ஈரலும் நுரையீரலும் கெடும். தெள்ளுக்குச் சவர்க்கார நீரும் நெருக்கமான சீப்பும் நம்ப முடியாத அளவு உதவும். விசர்நாய்த் தடுப்பூசிக்கு அலுவலர்கள் ஊருக்கு வரும் நாளில் நாயையும் கொண்டுபோய், அதன் நிறையைச் சொல்லி, மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கலாம்.

தவறு நடந்துவிட்டால் முதல் மணி நேரம் முக்கியம். முதலில் கையுறையோ பொலித்தீன் பையோ கையில். பாத்திரம் கழுவும் திரவத்தை இளஞ்சூட்டு நீரில் கரைத்து மருந்தைக் கழுவ வேண்டும். சாதாரணத் தண்ணீர் எண்ணெய்ப் பசையான மருந்தை எடுக்காது. பூனை நடுங்குகிறதே என்று குளிர்ந்த நீர் ஊற்றினால் நிலைமை மோசமாகும், ஏனெனில் பைரத்ரொயிட் குளிரில்தான் நரம்பைக் கடுமையாகத் தாக்கும். சுடுநீரும் வேண்டாம், தோல் மருந்தை இன்னும் உறிஞ்சும். கழுவியதும் துவட்டி, சூடாகப் பொத்தி, உடனே புறப்பட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கவோ பால் பருக்கவோ முனைய வேண்டாம்; நடுங்கும் விலங்கு அதை நுரையீரலுக்குள் இழுத்துவிடும்.

போகும்போது மருந்துப் போத்தலையும் கொண்டுபோக வேண்டும். ஒட்டுத்தாள் கிழிந்திருந்தாலும் சரி, சோடாப் போத்தலில் மிச்சம் இருந்தாலும் சரி. நுரை தள்ளித் துடிக்கும் நாயை வெறுங்கண்ணால் பார்த்து எந்த நஞ்சு என்று உறுதியாகச் சொல்ல முடியாது, மாற்று மருந்தோ ஒன்றுக்கொன்று வேறு. ஒகனோபொஸ்பேற்று என்றால் அற்றோப்பின் உயிரைக் காக்கும். அமிட்ராஸ் என்றால் அதே அற்றோப்பின் குடலை இன்னும் முடக்கி நிலைமையைக் கெடுக்கலாம், அதற்குத் தேவை அற்றிபமெசோல் அல்லது யோகிம்பின். பெர்மெத்ரினுக்கு நேர் மாற்று மருந்தே இல்லை. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கி, ஓரிரு நாள் உயிரைத் தாங்கிப் பிடித்தால் பூனையின் உடல் மெதுவாக அதை வெளியேற்றிக்கொள்ளும்.